ஓவியர்கள் கட்டிய ஊர்

“படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?”

இக்கேள்வியைக் கேளாத தமிழ்ப் பெற்றோர் எவரேனும் உளரா? பள்ளி இறுதித் தேர்வு முடிந்த கோடையில், சென்னை பெரியமேட்டிலுள்ள கவின்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கலாமா என்று நான் மெல்ல வாயெடுத்தபோது என் தந்தையார் கேட்டதும் இதுதான். அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. என்னிடம்தான் விடை இல்லை. எனவே இன்று நான் இக்கல்லூரியில் வரலாறு பயில்கிறேன். இம்மலரின் ஓரங்களுக்கு நாலைந்து கோலங்கள் வரைந்து கொடுத்ததோடு என் ஓவியப்பணி நிற்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் துறையினர் மாமல்லபுரம் சுற்றுலா சென்று திரும்புகையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் என்னுமிடத்தில் பேராசிரியர் பேருந்தை நிறுத்தச் சொன்னார். “பல்லவர் சிற்பம் பார்த்தாயிற்று, நம் காலத்துச் சிற்பத்தையும் ஒரு மணி நேரம் பாருங்கள்” என்றார். பேருந்தில் பாதிப்பேர் உறக்கத்தில் இருந்தனர். விழித்திருந்தவருள்ளும் பலர் இளநீர்க்கடையை நாடிச் சென்றனர். உள்ளே சென்ற சிலருள் நானும் ஒருவன். என் தந்தையார் கேட்ட அதே கேள்விக்கு, ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் இளைஞர் கூட்டம் நிலம் வாங்கி, வீடு கட்டி, விடை எழுதி வைத்திருந்ததை அன்றுதான் அறிந்தேன். அந்த இடத்தின் பெயர் சோழமண்டலக் கலைஞர் கிராமம். அதன் கதையையும், அதைப் பற்றி எனக்குத் தோன்றிய சிலவற்றையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பானை வனைந்த பள்ளி

கதை சோழமண்டலத்தில் தொடங்கவில்லை. 1850-ஆம் ஆண்டில் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் ஒருவர் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ‘கலைப்பள்ளி’ என்றதும் வண்ணக்குழம்பும் தூரிகையும் நம் கண்முன் வருகின்றன. அங்கோ மட்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை ஆகியவையே பெரிதும் நடந்தன. நாட்டுக்குப் பயன்படும் பொருள்களைச் செய்யக் கற்பிப்பதே அதன் நோக்கம். இன்னொரு செய்தி பலருக்கும் வியப்பளிக்கும். நம் வீட்டு அடுக்களைகளில் புழங்கும் அலுமினியப் பாத்திரம் இந்நாட்டில் முதலில் உருப்பெற்ற இடங்களுள் அக்கலைப்பள்ளியின் பட்டறையும் ஒன்று! 1898 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அங்கிருந்த உலோகத் தொழிலாளரைக் கொண்டு அதனைச் செய்து பார்த்தார். பின்னர் அது தனித் தொழிலாகவே வளர்ந்து பள்ளியை விட்டு வெளியேறிற்று.

1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வரானார். சென்னைக் கடற்கரையில் நாம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் இவரே. இவர் காலத்தில் ஓவியமும் சிற்பமும் பள்ளியில் முதலிடம் பெற்றன. கைத்தொழிற் பிரிவுகள் ஒரு பக்கமும் கவின்கலைப் பிரிவுகள் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றன. ஒரே மதிலுக்குள் இரு சாதிகள் என்று சொன்னால் சிலர் வருந்தக்கூடும். ஆயினும் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

1957-இல் அப்பள்ளியின் முதல்வர் பொறுப்பை ஏற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 25-ஆம் வயதில் வேலையைத் துறந்து அதே பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர். மாதச் சம்பளத்தை உதறிவிட்டு ஓவியம் கற்க வந்தவருக்கு, ஓவியம் சோறு போடுமா என்னும் கேள்வி புத்தகக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவியவர்களுள் முதன்மையானவரும் இவரே.

முதல்வர் நாற்காலியில் இருந்துகொண்டு ஆண்டுதோறும் அவர் கண்ட காட்சி ஒன்று உண்டு. திறமை மிக்க மாணவர்கள் ஐந்தாறு ஆண்டு பயின்று வெளியேறுவர். ஓரிருவர் பள்ளியில் ஓவிய ஆசிரியராவர். சிலர் விளம்பர நிறுவனத்திலோ துணி ஆலையிலோ சேர்வர். எஞ்சியோர் எங்கேனும் எழுத்தராகி விடுவர். மூன்றாண்டு கழிந்தால் தூரிகையைத் தொடுபவர் அரிது. அந்நாளில் சென்னையில் ஓவியம் வாங்குவோரும் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. பம்பாய், தில்லி போலக் காட்சிக்கூடங்களும் இங்கில்லை.

மெழுகும் சாயமும்

அப்போது ஆசிரியரும் மாணவருமாகக் கூடிப் பேசி ஒரு வழி கண்டனர். வேறோர் அலுவலகத்தில் பகலெல்லாம் உழன்றுவிட்டு இரவில் ஓவியம் தீட்டுவதைவிட, தம் கைக்கும் கண்ணுக்கும் பழக்கமான ஒரு கைத்தொழிலைச் செய்து பிழைப்பது மேல் அன்றோ? நாளில் ஒரு பகுதி கைத்தொழில், மறுபகுதி கலை. கைத்தொழில் வயிற்றைக் காக்கும். வாங்குவோரின் விருப்பத்துக்குக் கலை வளைய வேண்டியதில்லை. இந்த எண்ணத்தோடு 1960-களின் முற்பகுதியில் ‘ஓவியர் கைவினைச் சங்கம்’ தோன்றிற்று. அவர்கள் முதன்மையாகக் கைக்கொண்ட தொழில் பாத்திக்.

பாத்திக் ஜாவாவில் செழித்த கலை. தாகூர் 1927-இல் அத்தீவுக்குச் சென்று வந்ததை அடுத்துச் சாந்திநிகேதனில் அது வேரூன்றிற்று. செய்முறையைச் சற்று விரித்துரைக்கிறேன். ஓவியர்கள் இதனை ஏன் தேர்ந்தார்கள் என்பது அதிலேயே விளங்கும்.

வெள்ளைத் துணியில் எந்த இடம் வெள்ளையாகவே நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் தீட்டுவர். பின் துணியை மஞ்சள் சாயத்தில் முக்குவர். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. துணி உலர்ந்தபின், மஞ்சளாக நிற்கவேண்டிய இடங்களுக்கு மெழுகிட்டுச் சிவப்பில் முக்குவர். பிறகு சிவப்புக்கு மெழுகு. அதன்பின் கருநீலமோ பழுப்போ. வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடிப்பது முறை. சாயத் தொட்டி குளிர்ந்திருக்க வேண்டும். சூடேறினால் மெழுகு இளகி எல்லாம் கெடும். முடிவில் கொதிநீரில் இட்டால் மெழுகு கழன்று, படம் முழுமையாக முதன்முறை கண்ணுக்குப் புலனாகும். அதுவரை வரைந்தவருக்கே அது பாதி கற்பனைதான்.

மெழுகிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தேன்மெழுகு துணியோடு ஒட்டி வளைந்து கொடுக்கும். பாரபின் மெழுகோ உலர்ந்ததும் நொறுங்கும். அந்த வெடிப்புகளின் வழியே சாயம் புகுந்து நரம்பு நரம்பாகக் கோடுகள் ஓடும். இரண்டையும் என்ன அளவில் கலப்பது என்பதைப் பொறுத்துக் கோடுகள் மிகும் அல்லது குறையும். ஆயினும் எந்த இடத்தில் எந்தக் கோடு விழும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. மெழுகை ஒருமுறை இட்டுவிட்டால் அழிக்கவும் இயலாது. சொட்டு சிந்தினால் அதையும் படத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். கை தயங்காமல் கோடு இழுக்கத் தெரிந்தவனுக்கே இத்தொழில் கைகூடும். கோடு என்பதே சென்னை ஓவியர்களின் பெரும்பலம் என்று கலை விமரிசகர்கள் கூறுவர். ஆகவே தொழிலும் ஆளும் பொருந்தி வந்தன.

துணிச் சித்திரங்களாகவும் சேலைகளாகவும் திரைச்சீலைகளாகவும் அவர்கள் செய்தவை சென்னையில் நன்றாகவே விற்றன. ஓவியம் வாங்கத் தயங்கிய குடும்பங்கள் பாத்திக் வாங்கத் தயங்கவில்லை. ஓவியத்தை வாங்க ‘கலை தெரிந்திருக்க வேண்டும்’ என்று நம்மவர் அஞ்சுகின்றனர். சேலை வாங்க அந்த அச்சம் கிடையாது அல்லவா?

மணலில் ஓர் ஊர்

அந்த விற்பனைப் பணத்தைப் பங்கிட்டு எடுத்துக்கொண்டு அவரவர் வழியே போயிருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. அவர்கள் சேர்த்து வைத்தனர். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலையொட்டி ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினர். சோழமண்டலம் என்னும் சொல்லே ஐரோப்பியர் வாயில் கோரமண்டலம் ஆயிற்று என்பதை வரலாற்று மாணவர் அறிவர். அப்பழம்பெயரையே தம் ஊருக்குச் சூட்டினர். ஏறத்தாழ முப்பது பேர் அதில் இணைந்தனர்.

இன்று அச்சாலையில் நிற்கும் உணவு விடுதிகளையும் மாளிகைகளையும் காண்போர் அன்றைய நிலையை எண்ணிப் பார்ப்பது கடினம். மணல்மேடு, சவுக்குத் தோப்பு, மீனவர் குப்பம் — இவ்வளவே. கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய உருவம் பெற இன்னும் முப்பதாண்டு இருந்தது. அந்த மணலில் குடிசை போட்டுப் பட்டறை அமைத்தனர். பிற்காலத்தில் வீடுகளும் காட்சிக்கூடமும் எழுந்தன. அரசிடம் மானியம் கேட்டுக் காத்திராமல், புரவலர் ஒருவரின் நிழலில் ஒதுங்காமல், கையால் உழைத்த காசில் ஊர் கட்டினார்கள் என்பதே இதில் என்னை மிகவும் கவர்ந்தது. பணிக்கரும் 1967-இல் பணி ஓய்வு பெற்றபின் அங்கேயே குடியேறி, 1977-இல் மறையும்வரை வாழ்ந்தார்.

அங்கு வாழ்ந்தவர் பலரும் பலவாறு வரைந்தனர். ஒரே பாணி அங்கில்லை. பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசை ஓவியங்களைத் தீட்டிவந்தார். மலையாள எழுத்துகளைப் போன்ற வடிவங்கள், சாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள் யாவும் அவற்றில் நெருக்கமாக நிறைந்திருக்கும். படித்துப் பொருள் காண இயலாது, பார்க்கத்தான் வேண்டும். ஜே. சுல்தான் அலி பழங்குடி மக்களின் கலைவடிவங்களிலிருந்து தம் உருவங்களைப் பெற்றார். கே. இராமானுஜம் கறுப்பு மையால் கனவு மாளிகைகளை வரைந்து குவித்தார். 1973-இல் மிக இளவயதிலேயே மறைந்தார். அவர் தீட்டிய மாளிகைகளின் முன் நான் நின்ற நேரந்தான் அன்றைக்கு அதிகம். எஸ்.ஜி. வாசுதேவ், கே.வி. அரிதாஸன், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், பி.எஸ். நந்தன் எனப் பெயர்கள் நீளும். வி. விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் இருவரும் 1960-களின் இறுதியில் பாரிஸ் சென்று அங்கேயே தங்கிப் புகழ் பெற்றனர்.

செப்புத் தகட்டின் கதை

பாத்திக்கைவிட என் மனத்தில் ஆழப் பதிந்தது உலோகத் தகட்டு வேலை. அதற்கு எனக்கொரு தனிக்காரணம் உண்டு. என் தாய்மாமன் கும்பகோணத்தில் கவசம் அடிப்பவர். கோயில் மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசம், திருவாசி, வாகனங்களுக்குப் போர்த்தும் பித்தளைத் தகடு ஆகியவை அவர் தொழில். சிறுவயதில் விடுமுறை நாள்களில் அவர் பட்டறையில் துருத்திக்கு அருகில் உட்கார்ந்திருப்பேன்.

குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் மூன்றையும் காய்ச்சி அரக்கு செய்வர். அந்த அரக்குப் படுக்கையின்மேல் தகட்டை வைத்து, பின்புறமிருந்து மொட்டை உளியால் அடித்து உருவத்தைப் புடைக்கச் செய்வர். பிறகு தகட்டைத் திருப்பி, குழிவில் அரக்கு நிரப்பி, முன்புறமிருந்து கண், இதழ், அணிகலன் முதலியவற்றைக் கூர் உளியால் தீர்ப்பர். அடிக்க அடிக்கத் தகடு விறைத்துப்போகும். மேலும் அடித்தால் கிழியும். அப்போது நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி எடுத்தால் மீண்டும் இளகும். எத்தனை அடிக்குப் பின் காய்ச்ச வேண்டும் என்று மாமாவிடம் கேட்டால், “சத்தம் மாறும்டா மாப்ளே, காதைக் குடு” என்பார். எனக்கு இன்றுவரை அந்தச் சத்தம் பிடிபடவில்லை.

இனி ஓவியர்களுக்கு வருவோம். பி.வி. ஜானகிராம் (1930–1995) சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று அங்கேயே கற்பித்த சிற்பி. கல்லிலும் சுண்ணத்திலும் முழுவடிவச் சிற்பம் செய்வதே மேலைநாட்டு வழியில் கற்றோர் மரபு. சுற்றிவந்து நாற்புறமும் பார்க்கலாம். ஜானகிராமோ செப்புத் தகட்டை எடுத்தார். அதனை அடித்து, வளைத்து, கம்பிகளைக் கோடாகப் பற்றவைத்து, முன்னால் நின்று மட்டுமே காணத்தக்க சிற்பங்களைச் செய்தார். கோயிலில் மூலவரை நாம் சுற்றிவந்து பார்ப்பதில்லையே! கருவறை வாயிலில் எதிரே நின்றுதான் வணங்குகிறோம். மூலவர்மேல் சாத்திய கவசமும் ‘முன்’ மட்டும் உடைய ஒரு சிற்பமே. ஜானகிராமின் பிள்ளையாரையும் இயேசுவையும் கண்டோர் இந்த உறவை உடனே உணர்வர். பள்ளிப்பாடத்தில் இல்லாத ஒரு சிற்ப இலக்கணம் நம் கோயிலில் நாள்தோறும் விளங்கிக்கொண்டிருந்தது. அதனைச் சிற்பம் என்று கண்டுகொள்ள ஒருவர் தேவைப்பட்டார்.

பணிக்கரின் மைந்தர் எஸ். நந்தகோபால் (1946–2017) இவ்வழியை மேலும் வளர்த்தார். இயற்பியல் பட்டம் பெற்றபின் கலைக்கல்லூரிக்கு வந்தவர் இவர். செம்பும் பித்தளையும் பற்றவைத்து, வெள்ளிமுலாம் பூசி, ஆங்காங்கே வண்ண மெருகேற்றி இவர் செய்த உருவங்கள் திருவிழாக்கால வாகனங்களை நினைவூட்டும். சோழமண்டலத்தின் நிர்வாகத்தைப் பல ஆண்டுகள் தோளில் சுமந்தவரும் இவரே. வாசுதேவ் முதலிய ஓவியர்களும் செப்புத்தகட்டில் புடைப்புச் சித்திரங்கள் செய்தனர்.

இங்கேதான் எனக்கு ஒரு குழப்பம். மாமா செய்வதும் தகட்டு வேலை. இவர்கள் செய்ததும் தகட்டு வேலை. அதே செம்பு, அதே சம்மட்டி, அதே நெருப்பு. ஒன்று காட்சிக்கூடத்தில் பெயர்ச்சீட்டோடு நிற்கிறது. மற்றொன்று கிலோ கணக்கில் எடைபோட்டுக் கூலி பேசப்படுகிறது. கற்பனை, புதுமை, தனித்தன்மை என்று கலை நூல்கள் சொல்லும் வேறுபாடுகளை நான் அறியாதவனல்லன். நந்தகோபாலின் உருவத்தை முன்பே யாரும் செய்ததில்லை. மாமா செய்யும் கவசமோ அவர் பாட்டனார் செய்த அளவில்தான் இருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு மூலவரின் முகமும் வேறு. கல்லின் மேடுபள்ளத்தைச் சணலால் அளந்து, அந்த முகத்தில் மட்டும் பொருந்தும்படி தகட்டை எழுப்புவதில் கற்பனை சிறிதும் இல்லை என்று எவரேனும் சொன்னால், அவர் ஒருநாள் பட்டறையில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும் என்பேன்.

ஏணியா, வீடா?

சோழமண்டலத்தாரின் கைத்தொழில் என்ன ஆயிற்று? 1970-களில் அவர்களுடைய ஓவியங்களும் சிற்பங்களும் விலைபோகத் தொடங்கின. தேசிய விருதுகள் வந்தன. வெளிநாட்டுக் கண்காட்சிகள் வந்தன. பாத்திக் மெல்லக் குறைந்தது. அதன் பணி முடிந்தது என்றுதான் பலரும் எழுதுகின்றனர். மாடிக்கு ஏறியபின் ஏணியை எடுத்துச் சாய்த்து வைப்பது உலக வழக்குத்தானே!

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு முழு மனம் இல்லை. ஓவியனாக வாழ வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் மெழுகைத் தொட்டனர், அது நிறைவேறியது. இந்தியாவில் வேறெங்கும் ஓவியர்கள் இப்படித் தம் உழைப்பால் ஊர் அமைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்ததாக நான் படித்ததில்லை. எனினும் ஓர் ஏக்கம் எழாமல் இல்லை. கலையும் கைத்தொழிலும் ஒரே கூரையின்கீழ் ஒன்றையொன்று வளர்த்திருக்கக்கூடிய வாய்ப்பு அங்கே கனிந்து வந்தது. இருபது ஓவியர்களோடு இருபது சாயத்தொழிலாளரும் கன்னாரும் அதே மணலில் குடியேறியிருந்தால்? இருசாராரும் ஒரே பட்டறையில் நின்றிருந்தால்? நடக்காததைப் பற்றி எழுதுவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று என்று எங்கள் பேராசிரியர் இந்தப் பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையால் குறித்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அப்படியே விட்டுவைக்கிறேன்.

அக்காலத்திலேயே வேறொரு வழியும் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கைத்தறிக்குப் புதுவடிவங்கள் ஆக்கித்தர 1950-களில் நடுவணரசு நெசவாளர் சேவை மையங்களைத் திறந்தது. பம்பாய் மையத்தில் கே.ஜி. சுப்பிரமணியன் பணியாற்றினார். சென்னை மையத்தில் எம். ரெட்டப்ப நாயுடுவும் கே.எம். ஆதிமூலமும் இருந்தனர். காந்தியடிகளைக் கோட்டோவியங்களாக வரைந்தவரும், தமிழ் இதழ்களின் தலைப்பெழுத்துகளுக்குப் புதுமுகம் தந்தவருமான அதே ஆதிமூலந்தான். இவர்கள் மாதச் சம்பளத்துக்குச் சேலைக்கரையும் திரைச்சீலையும் வடிவமைத்தனர். மாலையில் தம் ஓவியத்தைத் தீட்டினர். இங்கே ஓவியர் தாமே தறியில் அமரவில்லை. நெசவாளரோடு உட்கார்ந்து வேலை செய்தார். நம் வீட்டுப் பெண்கள் கட்டிய எத்தனையோ கைத்தறிச் சேலைகளில் இத்தகைய ஓவியர்களின் கைவண்ணம் பெயரின்றிக் கலந்திருக்கக்கூடும். ‘பெயரின்றி’ என்பதைக் கவனியுங்கள். சேலைக்கரையில் கையெழுத்திட்டவர் எவருமில்லை. அங்கே ஓவியரும் மாமாவும் ஒரே வரிசையில்தான் நின்றனர்.

அந்த ஒரு மணி நேரம்

சுற்றுலா நாளுக்குத் திரும்புகிறேன். 2009-இல் சோழமண்டலத்தில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னைக் கலை இயக்கத்தைச் சேர்ந்தோரின் படைப்புகள் அங்கே ஒருங்கே உள்ளன. வெளியே மரநிழலில் கற்சிற்பங்கள் நிற்கின்றன. ஊர் அமைதியாக இருந்தது. மதிலுக்கு அப்பால் சாலையில் ஊர்திகள் இரைந்தன. 2011-இல் ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. நகரத்தை விட்டு விலகிச் சென்றவர்களை நகரமே தேடிவந்து சூழ்ந்துகொண்டது. மூத்த தலைமுறையினர் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். அந்த நிலத்தின் இன்றைய விலையில் இன்றைய இளம் ஓவியர் எவரும் அப்படி ஓர் ஊர் கட்ட நினைக்கவும் முடியாது. பாத்திக் விற்று ஒரு சதுர அடி வாங்கலாமோ என்னவோ!

கைப்பேசியில் சில படங்கள் எடுத்துக்கொண்டேன். பேருந்தில் ஏறியதும் நண்பனொருவன், “என்னடா பார்த்தாய்?” என்றான். “தகடு” என்றேன். அவன் மீண்டும் உறங்கிப்போனான்.

பொங்கல் விடுமுறையில் கும்பகோணம் சென்றபோது செப்புச் சித்திரம் ஒன்றின் படத்தை மாமாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “நல்லா எழுப்பியிருக்காரு. இந்த மூக்கு ஒரே தகட்டுல வந்திருக்கு பாரு, ஒட்டு இல்லை. கை ஓடின கைதான்” என்றார். பிறகு, “இந்த ஓரத்துல அரக்கு ஆறுறதுக்குள்ள எடுத்துட்டாரு, அதான் அலை அடிச்சிருக்கு” என்றார்.

“அது வேண்டுமென்றே விட்டதாக இருக்கலாம் மாமா” என்றேன்.

“இருக்கும், இருக்கும். அவருக்குச் சொல்ல ஆளில்லை. எனக்கு ஸ்தபதி சொல்லிப்புடுவாரே” என்று சிரித்தார்.

அவருடைய மகன் திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றில் கணக்கெழுதுகிறான். பட்டறையில் இப்போது மாமாவும் வயதான உதவியாளர் ஒருவரும் மட்டுமே. அச்சில் அழுத்திய தகட்டை இயந்திரத்தில் ஒரே நாளில் செய்து தருகிறார்கள். முகத்துக்குப் பொருந்தாவிட்டாலும் மாலை சாத்தினால் மறைந்துவிடும் என்று வாங்குவோரும் எண்ணுகின்றனர். கையால் அடிக்கச் சொல்லி வருவோர் ஆண்டுக்கு ஐந்தாறு பேர். படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று என்னைக் கேட்ட அதே குடும்பம், கவசம் அடித்தால் சோறு கிடைக்குமா என்று அவனைக் கேட்டிருக்க வேண்டும். சோழமண்டலத்தார் கைத்தொழிலை நம்பித் தம் கலையைக் காத்தனர். மாமாவிடம் இருப்பதே கைத்தொழில். அவர் எதை நம்பி எதைக் காப்பது என்று எண்ணியபடி உட்கார்ந்திருந்தேன்.

“இவங்க எல்லாம் பேரு போடுறாங்களா?” என்று மாமா கேட்டார். அடியில் செதுக்கியிருந்த கையெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

“நீங்கள் போடுவதில்லையா மாமா?”

அவர் விடை சொல்லவில்லை. முடியும் தறுவாயில் இருந்த அம்மன் கவசமொன்றைத் திருப்பி, தாடைக்குக் கீழே உட்புறத்தைக் காட்டினார். உளிமுனையால் குத்திய மூன்று புள்ளிகள், கீழே ஒரு பிறை. தாத்தா காலத்திலிருந்து அவர்கள் பட்டறைக் குறி அதுவாம். எந்த ஊர்க் கோயிலிலிருந்து செப்பனிட வந்தாலும் அதைப் பார்த்துத்தான் தம் வேலை என்று அறிவாராம். சாத்திவிட்டால் அந்தப் பக்கம் கல்லோடு ஒட்டிக்கொள்ளும், அர்ச்சகர்கூடப் பார்ப்பதில்லை.

“படம் எடுத்துக்கவா?” என்றேன்.

“முடியட்டும், மெருகு போட்டபிறகு எடு” என்று சொல்லிவிட்டு, கவசத்தைப் புரட்டி அரக்கில் வைத்து, கண் இமையைத் தீர்க்கத் தொடங்கினார்.